கடல் சாமந்தி காட்டிய சுவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மனைவியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. இதை எழுதும்போது என் இடது கை அவள் தலைமேல்தான் இருக்கிறது. "சத்தியம் பண்ணது போதும், கையை எடுங்க, தலை வாரணும்" என்கிறாள். எடுத்துவிட்டேன். சாட்சி வேண்டுமென்றால் அவளுடைய தம்பி இருக்கிறான். என் மச்சான். துப்பறியும் தொழிலில் எனக்கு உதவியாளன். உதவி என்றால் நான் யோசிப்பேன், அவன் கேலி செய்வான். இரண்டையும் வைத்து இருபத்தாறு வழக்குகளை முடித்திருக்கிறோம்.

இது பதினேழாவது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்றோம். முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் வீடு. முன் கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பல் குடையும் மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். டாக்டரின் மாப்பிள்ளை. எங்களைக் கூப்பிட்டனுப்பியவர் அவர்தான்.

"பத்து நாளா மாமனாரைக் காணோம்" என்றார். "வெளியூர்ல வேலை பார்க்கற என் மனைவிக்கு இன்னும் சொல்லல. பயந்துடுவா."

"நீங்களும் பல் டாக்டரா?" என்று கேட்டேன்.

"கூடமாட ஒத்தாசை."

மச்சான் என் காதருகே குனிந்தான். "அத்தான், போன வருஷம் இந்த ஒத்தாசைதான் என் பல்லைப் பிடுங்குச்சு. வலிச்சது கீழ்ப்பல். பிடுங்கினது மேல்பல்."

"நீ வாயைச் சரியாத் திறந்திருக்க மாட்டே."

"என் வாய் மூடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

அது நியாயமான கேள்வி.

மாப்பிள்ளை எங்களை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். தரைக்குக் கீழே இறங்கும் படிக்கட்டு. அதன் தலைமாட்டில் ஒரு சுவிட்சுப் பலகை. அவர் முதலில் சுவிட்சைப் போட்டார். அப்புறம்தான் இரும்புக் கதவின் தாழ்ப்பாளை விலக்கினார். இந்த வரிசையை நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பெரிய துப்பறிவாளர்களுக்கு அப்படித்தான்.

பதினாறு படி இறங்கினால் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கூரையில் காற்று இழுக்கும் சின்ன மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது. அந்தப் பலகையை ஒட்டி ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறைகள், பவளம், மீன்கள். ஒரு துண்டுக் கடலை வெட்டி எடுத்து வீட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தது. தொட்டியின் பின்கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட். மேலே பெரிய விளக்கு. பம்பு உர்ரென்று ஓடியது. தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி நிறைய உப்பு மூட்டைகள்.

"மாமனாருக்கு இதுதான் உலகம்" என்றார் மாப்பிள்ளை. "திங்கக்கிழமை சாயங்காலம் இங்க இறங்கினார். மறுநாள் காலையில கதவைத் திறந்து பார்த்தா ஆளைக் காணோம். வேற வழியும் கிடையாது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், தரையைத் தட்டிப் பார்த்தேன்."

"கதவைத் திறந்து பார்த்தீங்களா?"

"ஆமா."

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு. உள்ளே மனுஷன் இருக்கும்போது யார் போட்டாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். தொட்டியைக்கூட ஒருமுறை பார்த்தார்.

"காபி கொண்டு வரேன்" என்று மேலே ஏறிப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அத்தான், காபி போடறதுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு?" என்றான் மச்சான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. முன்னைவிட மரியாதையாக இருந்தது. "சார், நீங்க கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டேன். என் மாமனார் இங்கேயிருந்து எப்படிப் போனார், இப்ப எங்க இருக்கார்? அரை மணி நேரத்துல சொல்லுங்க, திறக்கிறேன். இல்லேன்னா பம்பு லைனைப் பிடுங்கிடுவேன். அந்தக் காத்தாடியும் அதே லைன்தான். இந்த அறைக்கு வேற காத்து வராது."

"சொன்னா அவரை என்ன செய்வீங்க?"

"அது குடும்ப விஷயம்."

காலடி தள்ளிப் போனது. நான் செல்போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. மச்சானும் எடுத்தான். அவனுடையதில் சார்ஜே இல்லை. இரும்புக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். கதவு அப்படியே இருந்தது. தோள் மட்டும் இருபத்தோராவது வழக்குவரை வலித்தது.

"அரை மணி நேரம்" என்றேன். "சுற்றிப் பார்."

"எதைச் சுத்தறது? நாலு சுவர், ஒரு தொட்டி." தொட்டியருகே போனவன் சட்டென்று நின்றான். "அத்தான், இந்தச் சாமந்தி சரியில்ல."

மச்சான் ஒருகாலத்தில் அலங்கார மீன் கடையில் ஆறு வாரம் வேலை பார்த்தவன். ஏழாவது வாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். வாங்க வந்தவர்களிடம் எந்த மீன் செத்துப்போகும் என்று உண்மையைச் சொல்லிவிட்டானாம்.

"உயிர் போற நேரத்தில் உனக்குப் பூ கேட்குதா?"

"பூ இல்ல அத்தான், பிராணி. கடல் சாமந்தி. அந்தக் கைகளைப் பாருங்க, எல்லாம் விஷக் கை. நடுவுல வாய். அடியில ஒரே கால்."

தொட்டியின் இடது மூலையில், அடிப்பக்கம், பின்கண்ணாடியை ஒட்டிக்கொண்டு அது கிடந்தது. நூறு விரல் உள்ள கையுறை ஒன்றை நாலு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி வெளுத்துப்போயிருந்தது. வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள் அதன் மடியிலேயே உட்கார்ந்திருந்தன.

"இது தவிட்டு நிறத்துல இருக்கணும்" என்றான் மச்சான். "உடம்புக்குள்ள பாசியைக் குடிவச்சிருக்கும். பாசி வெளிச்சத்துல சமைக்கும், சாமந்தி உட்கார்ந்து சாப்பிடும். எங்க அக்கா சமைக்க, நீங்க சாப்பிடற மாதிரி."

"விஷயத்துக்கு வா."

"வெளிச்சம் இல்லேன்னா சமையல் இல்ல. குடியிருக்கற பாசியை வெளியே துப்பிடும். வெளுத்துடும். இந்த அளவுக்கு வெளுக்கணும்னா ஒரு வாரத்துக்கு மேல யாரும் விளக்குப் போடல."

நான் இரும்புக் கதவைப் பார்த்தேன். விளக்கின் சுவிட்சு வெளியே, படிக்கட்டுத் தலைமாட்டில். புரிந்துவிட்டது. மாமனாரை உள்ளே விட்டுப் பூட்டி, விளக்கையும் அணைத்திருக்கிறார். இருட்டில் கிடந்தால் வழிக்கு வருவார் என்று கணக்கு. காலையில் திறந்தபோது ஆள் மாயம். அதற்கப்புறம் விளக்கைப் பற்றி அவர் ஏன் கவலைப்படப் போகிறார்?

"அது சரி. அது ஏன் மூலையில் கிடக்கு?"

"நடந்து போயிருக்கு. அங்க பாருங்க." நடுப்பாறையில், பெரிய விளக்குக்கு நேர் கீழே, ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகப் பாறை சுத்தமாக இருந்தது. சுற்றிலும் பாசி. "அதுதான் அதோட பழைய வீடு. வெளிச்சம் போதலேன்னா காலைக் கிளப்பி மெதுவா நகரும். எங்க வெளிச்சமோ அங்க போய் உட்காரும்."

"வெளிச்சம் தேடிப் போனது இருட்டு மூலையில் ஏன் உட்கார்ந்திருக்கு?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "அதான் புரியல. எல்லாச் சாமந்தியும் மேல பார்த்துக் கையை விரிக்கும். இது சுவத்தைப் பார்த்து விரிச்சிருக்கு. ஆறு வாரத்துல இப்படியொரு முட்டாள் சாமந்தியை நான் பார்த்ததில்ல."

அப்போது விளக்கு அணைந்தது.

இருட்டு என்றால் சாதாரண இருட்டு இல்லை. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலேயிருந்து குரல் கேட்டது. "இருட்டுல மூளை நல்லா வேலை செய்யும் சார். இன்னும் இருபது நிமிஷம்."

சுவர்கள் நாலும் ஓரடி உள்ளே நகர்ந்து வந்த மாதிரி இருந்தது. மச்சான் என் சட்டையைப் பிடித்தான். பிடித்தது அவன்தான் என்று நம்ப விரும்புகிறேன்.

"அத்தான்" என்று மெல்லச் சொன்னான். "மூலையைப் பாருங்க."

தொட்டியின் இடது மூலையில் ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. காசு அளவு வெளிச்சம். அதைச் சுற்றிச் சாமந்தியின் கைகள் அத்தனையும் குளிர்காய்கிற மாதிரி நீண்டு நின்றன.

முட்டாள் சாமந்தி இல்லை. அந்த வீட்டிலேயே புத்தியுள்ள ஒரே பிராணி அதுதான்.

"கறுப்புப் பெயின்ட்டை யாரோ சுரண்டியிருக்காங்க" என்றேன். "சுவருக்குப் பின்னால் விளக்கு எரியுது, பலகை ஓட்டை வழியா வருது. மாப்பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அவர் எப்பவும் சுவிட்சைப் போட்டுட்டுத்தான் கதவைத் திறக்கிறார். இந்த அறையை இருட்டாக அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை."

"பெயின்ட் தானா உரிஞ்சிருந்தா?"

"உள்பக்கமா வெளிப்பக்கமா, தடவிப் பார்."

மச்சான் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டான். இரண்டு ஆரஞ்சு மீன்களும் அவனைக் கொத்தின. சாமந்தியும் தொட்டுப் பார்த்தது. "ஆ! அத்தான், கடிக்குது. கண்ணாடி வழவழன்னு இருக்கு. பெயின்ட் அந்தப் பக்கம்."

நான் முன்கண்ணாடியில் மூக்கை வைத்து அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தேன். சுரண்டல் கோடுகள் ஒவ்வொன்றும் நூல்போல மெல்லியவை. எல்லாம் ஒரே நீளம். எல்லாம் மேலிருந்து கீழ். ஒன்றுகூடப் பக்கத்துக் கோட்டில் ஏறவில்லை. அவசரத்தில் இருப்பவன் ஆணியை வைத்துக் கீறினால் இப்படி வராது. நாற்பது வருஷமாகப் பல்லில் காறை சுரண்டிய கை இது.

"டாக்டர் வெளியே போகவே இல்லை. சுவருக்குப் பின்னால் இருக்கிறார்."

"கண்டுபிடிச்சாச்சு!" என்று துள்ளினான் மச்சான். "கதவைத் தட்டிச் சொல்லிடட்டுமா? வெளிய போயிடலாம்."

"தட்டு. பத்து நாளா ஒளிஞ்சிருக்கறவரைக் காட்டிக் கொடுத்துட்டு, நாம காபி குடிச்சுட்டுப் போகலாம்."

அவன் துள்ளல் நின்றது. சொன்னால் அவர் மாட்டுவார். சொல்லாவிட்டால் காற்று நிற்கும், மூன்று பேரும் மாட்டுவோம். எலிப்பொறிக்குள் இரண்டு எலி என்று நினைத்திருந்தேன். மூன்றாவது எலி முன்னமே உள்ளே இருந்திருக்கிறது.

நீலப் பொட்டு சட்டென்று அணைந்தது. நாங்கள் பேசியது அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

முழு இருட்டில், பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், பத்து நாளாக உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்த மனிதர் முதல்முதலாக வாய் திறந்தார்.

"தண்ணில கை விட்டது யாரு? கையைக் கழுவிட்டுத்தானே விட்டீங்க?"

"டாக்டர், நாங்க உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்" என்றேன்.

"அவன் அனுப்பின ஆளுங்க. அவன்கூட நீங்க படியிறங்கி வந்ததைக் கேட்டேன்."

"ஏமாத்தி அனுப்பிட்டார் டாக்டர். இப்ப நாங்களும் மாட்டிக்கிட்டோம்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பான்."

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பொய்யே சொல்லாத எனக்கு அது புதிய அனுபவம். மேலே மாப்பிள்ளையின் குரல் பத்து நிமிஷம் என்றது. அப்போதுதான் மச்சான் தன் துப்பறியும் வாழ்க்கையிலேயே உருப்படியான ஒரே காரியத்தைச் செய்தான்.

"டாக்டர், விளக்கைப் போட்டு அந்த ஓட்டை வழியா என் வாயைப் பாருங்க" என்று சொல்லி, முன்கண்ணாடியில் முகத்தைப் பதித்து வாயைப் பிளந்தான்.

நீலப் பொட்டு எரிந்தது. அதில் ஒரு கண் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் சாமந்தி, அதற்கு முன்னால் இரண்டு மீன், அதற்கப்புறம் மச்சானின் வாய். அப்போதுதான் ஞாபகம் வந்த என் செல்போன் டார்ச்சை அவன் தொண்டைக்கு நேராகப் பிடித்தேன். அந்தக் கண் நிதானமாகப் பரிசோதித்தது.

"மேல்வரிசை, இடது பக்கம், அஞ்சாவது இல்ல" என்றது குரல். "சுத்துப்பக்கம் ஈறு கிழிஞ்சு ஆறியிருக்கு. இது என் கை இல்ல. கீழ எது வலிச்சுது?"

"அழழு அழம்" என்றான் மச்சான்.

"வாயைக் கண்ணாடியிலேர்ந்து எடுத்துட்டுச் சொல்லுங்க."

"வலது ஓரம் டாக்டர். இன்னும் வலிக்குது."

சுவருக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. "படிக்காத படுபாவி. அவன் தப்பாப் பிடுங்கினதுல உங்களோடது பதினஞ்சாவது பல்லுப்பா. உப்பு மூட்டையை நகர்த்துங்க, அலமாரிக்குப் பின்பலகை திறக்கும்."

ஆறு மூட்டைகளை நகர்த்தி, முட்டி போட்டு உள்ளே நுழைந்து, பலகையைச் சாத்திக்கொண்டோம்.

ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம். அதில் பாதியை இன்னொரு தொட்டி அடைத்திருந்தது. விரல்நீளப் பவளக் குஞ்சுகளுக்கு மேலே ஒரு நீல விளக்கு. சுத்தமான தண்ணீர் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள். மீன் தீனி வைக்கும் குட்டிப் பிரிட்ஜ். பத்து நாள் தாடியோடு பல் டாக்டர். கையில் சுரண்டும் ஊசி, மடியில் ஒரு கட்டு எக்ஸ்ரே படங்கள்.

"இப்படியொரு அறை இருக்கறது மாப்பிள்ளைக்குத் தெரியாதா?" என்றேன்.

டாக்டர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "என் பொண்ணுக்கே தெரியாது. இனிமே புதுசா ஒரு தொட்டிகூட வாங்க மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதான் சுவர் கட்டி ஒளிச்சு வச்சேன். இந்தப் பொழுதுபோக்கு உள்ளவன் எவனும் வீட்டுல தொட்டிக் கணக்கை உண்மையாச் சொல்ல மாட்டான்."

"என்ன சாப்பிட்டீங்க?" என்றான் மச்சான்.

"மீனுக்குப் போடற காஞ்ச பாசி. அப்புறம் உறைஞ்ச இறால். ஒருமுறைகூடப் பல் தேய்க்கத் தவறல."

கதை இதுதான். மாமனார் ஊரில் இல்லாத நாட்களில் மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பதினைந்து பேருக்குத் தப்பான பல்லைப் பிடுங்கியிருக்கிறார். டாக்டர் எக்ஸ்ரேக்களை எடுத்துவைத்துப் புகார் எழுதினார். மாப்பிள்ளைக்குத் தெரிந்துபோயிற்று. படங்களைக் கொடுக்கும்வரை இருட்டில் கிட என்று பூட்டிவிட்டார்.

"சரி, ஒளிஞ்சவர் ஒளிஞ்சபடி இருக்க வேண்டாமா?" என்றேன். "பெயின்ட்டைச் சுரண்டி ஓட்டை போடலாமா? அவர் ஒரே ஒரு தடவை இருட்டில் எட்டிப் பார்த்திருந்தா உங்க கதி என்ன?"

"தெரியும்" என்றார். ஊசியை விரலில் உருட்டினார். "ரெண்டு நாள் பொறுத்தேன். அவன் அந்தப் பக்கம் விளக்கே போடல. பதினோரு வருஷமா என்கிட்ட இருக்கு சார் அது. என் மனைவி போனப்போ என்கூட இருந்தது அது ஒண்ணுதான். வெளிச்சம் இல்லாம அது பக்கத்துல சாகறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

கடல் சாமந்தி சாகும்போது சத்தம் போடாது. ஆனால் நானும் மச்சானும் அதைச் சொல்லவில்லை.

"வெளியே போக வழி?" என்றேன்.

டாக்டர் மேலே காட்டினார். ஓர் இரும்பு ஏணி. அதன் உச்சியில் இரும்பு மூடி. மகள் ஊரில் இல்லாதபோது பீப்பாய் இறக்குவதற்காக வைத்த வழி. "அது முன் கூடத்துல, பெஞ்சுக்கு அடியில திறக்கும். அந்தப் பெஞ்சுல பகல் முழுக்க ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்க, ராத்திரி அவனே அதுமேல படுத்துக் குறட்டை விடறான். நான் ஒருத்தனாத் தூக்க முடியல."

"கத்தக் கூடாதா?"

"கத்தாம இருப்பேனா? அவன் காதுல விழாம இருக்க, மெஷின் ஓடும்போது மட்டும் கத்தினேன். தினமும் கத்தினேன். பல் டாக்டர் வீட்டுல யாரோ அலறினா எழுந்து வந்து யார் பார்க்கப் போறாங்க? நேத்து நான் காப்பாத்துங்கன்னு கத்தினப்போ, மேல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட 'வேர்ச் சிகிச்சை போல'ன்னு சொன்னார்."

அந்த நேரத்தில் உர்ரென்ற சத்தம் நின்றது. நீல விளக்கு அணைந்தது. காற்று இழுக்கும் விசிறி கடைசியாக ஒரு சுற்று சுற்றி ஓய்ந்தது. அரை மணி நேரம் ஆகிவிட்டது.

"பம்பு!" என்றார் டாக்டர். இருட்டில் அவர் குரல் உடைந்தது. "பம்பை நிறுத்திட்டான். தண்ணி ஓடலேன்னா அது தாங்காது. ஏற்கெனவே வெளுத்துப் போயிருக்கு, தாங்காது!"

நாங்களும் தாங்க மாட்டோம் என்று ஞாபகப்படுத்தினேன். அது அவர் காதில் ஏறவில்லை. ஏணியில் ஏறியே விட்டார்.

ஏணியில் ஒருவர்தான் ஏறலாம். மற்ற இருவரும் பீப்பாய்மேல் ஏறினோம். மூன்று பேரின் தோளும் மூடிக்கு அடியில். மச்சான் மூன்று எண்ணினான். நான் ஏற்கெனவே சொன்ன அதே தோள்தான், வேறு தோள் என்னிடம் இல்லை. மூடி அசையவில்லை. இரண்டாவது முறை ஒரு விரல் உயரம் எழுந்து உட்கார்ந்தது. மேலே யாரோ "பூகம்பம்" என்றார். அந்தச் சொல்லுக்கு மூன்று பேர் எழுந்து ஓடிய சத்தம் கேட்டது. மூன்றாவது முறை மூடி, அதன்மேல் பெஞ்சு, பெஞ்சின்மேல் மீதி மூன்று நோயாளிகள், எல்லாம் சேர்த்துத் தூக்கினோம். பெஞ்சு சரிந்தது. பகல் வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். என் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். சீருடை, வீங்கிய கன்னம், கையில் பதினாறாம் நம்பர் டோக்கன். தற்செயல் என்று நீங்கள் நினைக்கலாம். போலீஸ்காரர்களுக்கும் பல் வலிக்கும்.

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். வலியில் மூடிக்கொண்டார். டாக்டர் எக்ஸ்ரேக் கட்டை அவர் மடியில் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினார். நன்றி சொல்லவில்லை, மூச்சு வாங்கவில்லை, மகளுக்குப் போன் செய்யவில்லை. படிக்கட்டுத் தலைமாட்டில் பிடுங்கிப் போட்டிருந்த பம்பு வயரை எடுத்துச் சொருகினார். கீழே உர்ரென்ற சத்தம் உயிர் பெற்ற பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நாங்கள் எட்டிப் பார்த்தோம். இரும்புக் கதவு திறந்திருந்தது. அறைக்கு நடுவில் மாப்பிள்ளை கையில் டார்ச்சுடன் நின்றார். பூட்டிய ஒரே அறையில் இரண்டாவது முறையாக ஆட்கள் காணாமல்போனால் எந்த மனிதனுக்கும் முகம் அப்படித்தான் ஆகும். காலி அறையைப் பார்த்து, "சார்? சார், காபி..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். "காபி வருது சார்" என்றான்.

முன் கூடத்தில் மூடியை மறுபடி பொருத்தி, அதன்மேல் பெஞ்சைப் போட்டு, பெஞ்சின்மேல் இன்ஸ்பெக்டரை உட்காரவைத்தோம். அவர் எக்ஸ்ரேக்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். நாங்கள் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் அவர் பதினாறாவது படமாகியிருப்பார். ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பேச வராததால் டோக்கனின் பின்பக்கம் எழுதிக் கொடுக்க, மச்சான் உரக்கப் படித்தான்.

கீழேயிருந்து கதவு தட்டும் சத்தம். "மாமா! உங்க குரல் கேட்குது மாமா! டார்ச்சும் செத்துப்போச்சு, விளக்கையாவது போடுங்க, ஒண்ணுமே தெரியல!"

டாக்டர் எழுந்து சுவிட்சுப் பலகையைப் பார்த்தார். ஒரு முழு நிமிஷம் கையை நீட்டியபடி நின்றார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"முடியாது" என்று கீழே பார்த்துச் சொன்னார். "பத்து நாள் இருட்டுல கிடந்ததுக்கு முழு விளக்கை ஒரேயடியாப் போட்டா சுருண்டுடும். கருகிக்கூடப் போயிடும். இன்னைக்கு மங்கல் வெளிச்சத்துல ஒரு மணி நேரம். நாளைக்கு ஒன்றரை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

"நான் என்னைச் சொல்றேன் மாமா!"

"நான் சாமந்தியைச் சொல்றேன்."

மாப்பிள்ளையைப் போலீஸ் கூட்டிப் போனது. மகள் மறுநாள் வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுவருக்குப் பின்னாலிருந்த இரண்டாவது தொட்டியைப் பார்த்ததும் அழுகை நின்றது. அடுத்த ஒரு வாரம் டாக்டர், பூட்டியிருந்த பத்து நாளைவிடக் கஷ்டப்பட்டார். சாமந்தி மட்டும் யாரையும் லட்சியம் செய்யவில்லை. நாளுக்கு ஒரு அங்குலமாக நடந்து, நாற்பத்திரண்டாவது நாள் நடுப்பாறையில் தன் பழைய வட்டத்தில் போய் உட்கார்ந்து, தவிட்டு நிறம் பூசிக்கொண்டது. டாக்டர் போன் செய்து சொன்னார். அவர் குரலில் அழுகை இருந்தது. மச்சானின் கீழ்ப்பல்லையும் இலவசமாகப் பிடுங்கிவிட்டார்.

வழக்கு முடிந்த அன்று சாயங்காலம் வீடு திரும்பி நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் கூடத்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகை, கத்தி, காய்க்கூடை எல்லாம் ஜன்னலுக்கு வந்திருந்தன.

"ஏன் இங்கே உட்கார்ந்து நறுக்குறே?" என்றேன்.

"ஊரான் வீட்டுத் தொட்டியில எது எங்க நகர்ந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுது" என்றாள். "சமையலறை பல்பு போய்ப் பத்து நாளாச்சு."

உடனே போய்ப் பல்பு வாங்கி வந்து மாட்டினேன். அவள் பலகையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். ஒரே நாளில் திரும்பினாள், நாற்பத்திரண்டு நாள் ஆகவில்லை. இந்த வழக்கில் எனக்கு நிறைவு தந்தது அதுதான்.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.